புதன்கிழமைக்குத் தள்ளிவைத்த கூட்டம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வைப்பதில் எனக்கு என்றுமே உடன்பாடு கிடையாது. சனிக்கிழமை என்றால் வாரம் முழுக்கச் சேர்ந்த அழுக்குத் துணி இருக்கும், பந்தாட்டம் இருக்கும். பத்து மணி என்று அறிவித்தால் பதினொன்றேகாலுக்குத்தான் நாற்காலிகள் நிரம்பும். புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணி நல்ல நேரம். வருகிறவர்கள் குறைவு, ஆனால் வருகிறவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். இதை நான் பதினோரு வருடமாகச் சொல்லிவருகிறேன். இன்ஸ்பெக்டர் அம்மா, நீங்கள் சின்ன வயது, இதெல்லாம் உங்களுக்கு அற்பமாகப் படலாம். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் ஆரம்பிக்கிறது என்பதால் சொல்கிறேன்.

என் பெயர் எவரிஸ்டோ கபாசோ. வயது அறுபத்திரண்டு. மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. செம்புச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதன் குடியிருப்பு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். சுரங்கத்தை மூடியபின் முசெபா வார்டு வளர்ச்சிக் குழுவுக்குச் செயலாளர் ஆனேன். சம்பளமில்லாத வேலை. யாரும் போட்டிக்கு வராத வேலையும்கூட.

பழைய சுரங்க கிளப்புக்குப் பின்னால் இருக்கும் பொட்டலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு அது பூங்கா. அன்றைக்கு ஏழெட்டு மாமரம், உடைந்த பாட்டில், மேய்கிற ஆடு, அவ்வளவுதான். அதைப் பூங்கா ஆக்கித்தரும்படி நகராட்சிக்கு இருபத்து மூன்று கடிதம் எழுதினேன். எல்லாவற்றுக்கும் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது. போன வருடம் ஜூலையில் முதல் பதில் வந்தது. பூங்கா அமைக்கலாம், ஆனால் அதற்கு ஊர்க்காரர்கள் ஏழு பேர் கொண்ட ஆலோசனைக் குழு வேண்டும். பொதுக்கூட்டம் போட்டுக் கை தூக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்குள் வந்து சேர வேண்டும். கூட்டத்துக்கு அதற்கு முந்தின சனிக்கிழமையை அவர்களே குறித்தார்கள். என்னைக் கேட்கவில்லை.

பட்டியலை நான் முன்பே தயார் செய்துவிட்டேன். குழு அமைப்பது சமையல் மாதிரி, உப்பு எவ்வளவு என்று கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் பானை தீய்ந்துவிடும். மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து ஒருவர், கிளினிக் நர்ஸ், பந்தாட்டக் குழுவின் பயிற்சியாளர் என்று பார்த்துப் பார்த்துப் போட்டேன். பெரியவர்கள் சார்பில் என் பக்கத்து வீட்டு லாமெக் ஜேரே. தலைவர் என்ற இடத்துக்கு நேரே எதுவும் எழுதவில்லை. என் பெயரை நானே எழுதுவது முறையாகாது. யாராவது எழுந்து சொல்வார்கள் என்று இருந்தேன்.

ஜூலைக் கடைசியில் கோயில் கூடத்தில் சின்னதாக ஒரு கலந்துரையாடல் வைத்தேன். நான் வரைந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தேன். நடுவில் வட்டமாகப் பூச்செடி, சுற்றிலும் பதினாறு பெஞ்சு. பாதிக் கூட்டத்தில் கலாபாவின் அம்மா வந்தாள். மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், காலி அலுமினியச் சட்டியோடு நேரே உள்ளே வந்து படத்தைப் பார்த்தாள்.

"செயலாளரய்யா, படம் அழகா இருக்கு. பெஞ்சு இருக்கு, பூ இருக்கு. தண்ணிக் குழா எங்கே?"

"அது ரெண்டாம் கட்டத்துல வரும்மா."

"ரெண்டாம் கட்டம் வர்றதுக்குள்ள எங்க கலாபா தாத்தா ஆயிடுவான். மீன் விக்கிற பொம்பளைங்க புள்ளைங்க எல்லாம் மேசைக்கு அடியில படுத்துத் தூங்குதுங்க. அதுங்களுக்கு ஒரு நெழல், ஒரு குழா. பூவ அப்புறம் பாத்துக்கலாம், அது எங்கயும் ஓடிடாது."

சிரித்தார்கள். பிறகு கை தட்டினார்கள். கொஞ்ச நேரம் தட்டினார்கள். குறிப்பேட்டில் நான், குழாய் பற்றி ஒருவர் கருத்துத் தெரிவித்தார் என்று எழுதினேன். கைதட்டலைக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் எங்களிடம் இல்லை. பதினோரு வருடத்தில் எழுத வேண்டிய தேவையும் வந்ததில்லை. எனக்குப் பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அது சரியான சொல் அல்ல. இருபத்து மூன்று கடிதம் எழுதியவன் ஒரு பக்கம், மீன் சட்டியோடு உள்ளே வந்தவள் ஒரு பக்கம். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதைத்தான் நான் நினைத்தேன்.

கூட்டம் நடக்கவேண்டிய வாரம், திங்கட்கிழமை, தையற்காரர் கெர்ஷோம் என்னைக் கடைக்குள் கூப்பிட்டார். ஒரே மாதிரி நீலப் பூப்போட்ட சித்தெங்கேத் துணி, பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்வார்களே அது, கட்டுக்கட்டாக மேசையில் கிடந்தது.

"நாப்பது துண்டு. ஓரம் அடிக்கக் குடுத்திருக்கா கலாபாம்மா. மார்க்கெட் பொம்பளைங்க நாப்பது பேரும் சனிக்கிழமை உங்க கூட்டத்துக்கு இதக் கட்டிக்கிட்டு வராங்களாம்."

"எதுக்காம்?"

"கேட்டா சிரிக்கிறாங்க. செயலாளர்கிட்ட மட்டும் சொல்லிடாதேன்னாங்க. நான் சொன்னேன்னு இல்ல, நீங்க கேட்டீங்கன்னும் இல்ல, சரியா?"

எங்கள் கூட்டத்துக்கு வழக்கமாக வருவது முப்பது பேர். அங்கே புதிதாக நாற்பது கை ஒரே பக்கம் தூக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டாம். கலாபாவின் அம்மா தலைவர் ஆவாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதை எழுதுவேன். புதன்கிழமை என்றால் ஏரியிலிருந்து மீன் லாரி வரும் நாள். அன்றைக்கு மார்க்கெட் பெண் ஒருத்தியும் மேசையைவிட்டு நகரமாட்டாள். புதன்கிழமை பிற்பகல் நல்ல நேரம் என்று நான் சொன்னது இதனால்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அது என் நெடுநாள் கருத்து.

அன்றே நகராட்சி அதிகாரிக்குப் போன் செய்தேன். சனிக்கிழமையைப் புதனுக்கு மாற்றலாமா என்றேன்.

"காரணம் என்னங்க? இஷ்டத்துக்கு மாத்த முடியாது. வார்டுல சாவு கீவு விழுந்தா சொல்லுங்க, மாத்திக்கலாம். அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அவர் சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்காகக் கூட்டம் தள்ளிப்போகாது, கவுன்சிலருக்குக் காய்ச்சல் என்றால் தள்ளிப்போகாது. சாவு விழுந்தால் அடக்கம் முடிகிறவரை வார்டில் எதுவும் நடக்காது. ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி உட்காருவார்கள், பெண்கள் உள்ளே தரையில் உட்காருவார்கள், கூட்டத்துக்கு வர ஆள் இருக்காது. அப்படியும் கூட்டம் போடுகிறவனை மனிதனாக மதிக்கமாட்டார்கள்.

முசெபாவில் நாலாயிரம் பேர் இருக்கிறோம். ஏதாவது ஒரு வாசலில் சாவு வீட்டு விறகு புகையாத வாரம் அபூர்வம். அந்த வாரம் அப்படி அமைந்துவிட்டது. செவ்வாய் போனது, யாரும் சாகவில்லை. புதன்கிழமை உபதேசியார் புரொத்தாசியோவைப் போய்ப் பார்த்தேன். பாதிரியார் வந்து கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தார், எல்லோரும் நம்பிக்கையை விட்டிருந்தார்கள். நான் போனபோது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடச் சொன்னார். வியாழக்கிழமை கிளினிக் வழியாக நடந்தேன். வாசல் பெஞ்சில் இரண்டு கர்ப்பிணிகள் மட்டும் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில்தான் நான் லாமெக் ஜேரேயை நினைத்தேன்.

அவருக்கு எழுபத்தொன்று. சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை இயக்கியவர். இருபத்தாறு வருடமாக என் பக்கத்து வீடு, தனியாள். உடம்பு சரியில்லாதவர். அது முசெபாவில் எல்லோருக்கும் தெரியும், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் கிழக்கிலிருந்து வந்த ங்கோனி ஆள், நான் பெம்பா. பாட்டன் காலத்தில் அடித்துக்கொண்ட இரண்டு இனத்தார் பிறகு கேலி முறை கொண்டாடுவது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் அவரை எலிதின்னி என்பேன், அவர் என்னைக் குரங்குதின்னி என்பார், யாருக்கும் கோபம் வராது, வரவும் கூடாது. என் மனைவி இறந்த அன்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இந்தக் குரங்குதின்னி சமையலைச் சாப்பிட பயந்துதான் இந்தப் பொம்பளை முந்திக்கிட்டா என்று சொன்னவர் அவர். அன்று நான் சிரித்த ஒரே தடவை அதுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷிமாக் களியும் பொரித்த கபெண்டா மீனும் இரண்டு தட்டில் எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், குரங்கு மூளையா?"

"உனக்காக எலி தேடினேன், கெடைக்கல. மீன வச்சு சமாளிச்சுக்கோ."

"பெம்பாக்காரன் கையால சாப்பிட்டுச் செத்தா எங்க ஊர்ல புதைக்கக்கூட மாட்டாங்க." இப்படிச் சொல்லிக்கொண்டே தட்டை வழித்துச் சாப்பிட்டார். பிறகு, "நாளைக்குக் கூட்டத்துல உனக்கு ஒரு வேடிக்கை வச்சிருக்கோம்" என்றார்.

"யாரு வச்சிருக்கீங்க?"

"நானும் கலாபாம்மாவும்."

"என்ன வேடிக்கை?"

"சத்தியம் பண்ணியிருக்கேன், வாயத் தெறக்கமாட்டேன். உம் மூஞ்சி போற போக்கப் பாக்கணும். அதுக்காகவே முன் வரிசையில உக்காரப் போறேன்."

நான் இன்னொரு தடவை கேட்டேன். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். இதைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்போது அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவர்மேல் குற்றம் சொல்லவில்லை. நடந்தது இது என்று சொல்கிறேன்.

சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் கண்ணயர்வது அவர் பழக்கம். நாற்காலி முதுகை அழுத்தும் என்று எனக்கு ஒரு தலையணை கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். குறட்டை சீராக வருகிறவரை காத்திருந்தேன். பிறகு அந்தத் தலையணையைத்தான் பயன்படுத்தினேன். நான் எதிர்பார்த்ததைவிட நேரம் ஆனது. நோயாளிக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நடுவில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் விட்டுவிட்டார். போர்வையைச் சரி செய்தேன், இரண்டு தட்டையும் கழுவினேன், பின்கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. உள்ளே எதுவோ இருக்கவேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், மரத்துப் போயிருந்தது. இன்னமும் அப்படியே இருக்கிறது.

நாலு மணிக்கு அவருக்குப் பத்திரிகை கொடுக்க முன்வாசல் வழியாகப் போனேன். வழக்கமாக அந்த நேரத்துக்குத்தான் போவேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, முறைப்படி தலையில் கை வைத்து ஓலமிட்டேன். அக்கம்பக்கம் ஓடி வந்தார்கள். கிளினிக்கிலிருந்து வந்த புது ஆள், வயதையும், உடம்பு சரியில்லை என்று சுற்றி நின்றவர்கள் சொன்னதையும் கேட்டுவிட்டு, இதயம் என்று எழுதிக்கொடுத்தார். ஐந்தரைக்குக் கோயில் கதவில் நோட்டீஸ் ஒட்டினேன். திரு. லாமெக் ஜேரே அவர்களின் மறைவை முன்னிட்டுப் பூங்கா ஆலோசனைக் குழுக் கூட்டம் வருகிற புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. நகராட்சி அதிகாரி போனில், "அடடா, நல்ல மனுஷன். புதனே வச்சுக்கோங்க" என்றார்.

சாவு வீட்டைக் கலாபாவின் அம்மாதான் நடத்தினாள். முந்நூறு பேருக்கு மூன்று நாள் ஷிமா கிண்டியது அவளும் மார்க்கெட் பெண்களும். அந்த நாற்பது நீலப் பூத் துணியை அவர்கள் அங்கேதான் முதன்முதலாகக் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பி மகள் எஸ்னாட் கிழக்கிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். திங்கட்கிழமை அடக்கம்.

பெம்பா வகையில் முதல் கேலி முறைக்காரன் நான். குழிக்குப் பக்கத்தில் அடக்கத்தை மறித்துக் கூலி கேட்டு, அழுகிறவர்களைச் சிரிக்கவைப்பது என் வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். நான் செய்யாமல் இருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். சவப்பெட்டியை இறக்குகிற நேரம் பார்த்து மண்குவியல்மேல் ஏறி உட்கார்ந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். மூடவிடமாட்டேன் என்றேன்.

"எதுக்கு விடமாட்டே?" என்று ங்கோனிக்காரர் ஒருவர் வழக்கப்படி கேட்டார்.

"இந்த ஆளக் கொன்னது நான். கூலி குடுக்காம எப்படி மூடுவீங்க?"

சிரிப்பு ஆரம்பித்தது.

"இருபத்தாறு வருஷமாப் பாக்கறேன், முசெபாவுல ஒரு எலி மிஞ்சல. எலிங்க எல்லாம் எங்கிட்ட வந்து மனு குடுத்துச்சுங்க. செயலாளராச்சே, கண்டுக்காம இருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை மத்தியானம் கபெண்டாவும் ஷிமாவும் போட்டுத் தூங்க வச்சேன். தலையணைய வச்சு அமுக்கினேன். சும்மா போகல, கையப் புடிச்சான். முடிச்சுட்டுத் தட்டக் கழுவிட்டுத்தான் வந்தேன்."

அப்படியே சொன்னேன், அம்மா, ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. குறிப்பேடு வாசிக்கிற குரலில் சொன்னேன். அதனால்தான் அவ்வளவு சிரிப்பு என்று பிறகு சொன்னார்கள். அழுது வீங்கிய முகத்தோடு இருந்த எஸ்னாட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு சேவல் தருவதாக அவள் ஒப்புக்கொண்டபின் எழுந்தேன். "செயலாளரய்யாவுக்கு இப்பிடியெல்லாம் பேச வருமா?" என்று யாரோ கேட்டார்கள். பிறகு கை தட்டினார்கள். முசெபாவில் எனக்காகக் கை தட்டியது அதுதான் முதல் தடவை.

கல்லறையிலிருந்து திரும்பும்போது கலாபாவின் அம்மா என் பக்கத்தில் நடந்து வந்தாள். சித்தெங்கே முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நீங்க நல்லா வழியனுப்பி வச்சீங்க. ஆனா அந்தக் கெழவர் ஆசப்பட்டது நடக்காமப் போச்சே, அதான் மனசு ஆறல."

"என்ன ஆசை?"

"சனிக்கிழம நடந்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அவருதான் ரெண்டு வாரமா மார்க்கெட்டுக்கு வந்து வந்து நிப்பாரு. எங்க செயலாளர் இருபத்து மூணு கடுதாசி எழுதியிருக்கான், அவனத் தலைவராக்குங்கன்னு யாரும் சொல்லமாட்டாங்க, அவனும் வாயத் தெறந்து கேக்கமாட்டான், நாம செய்வோம்னாரு. அவரு எழுந்து உங்க பேரச் சொல்றது, நாங்க நாப்பது பேரும் கையத் தூக்கிக் குலவ போடறதுன்னு ஏற்பாடு. அதுக்குத்தான் இந்தத் துணி."

"குழாய்?" என்றேன்.

"குழாயக் கேட்டேன்தான். தலைவரு ஆனப்புறம் உங்ககிட்டயே வந்து கேட்டிருப்பேன். நீங்க போட்டிருப்பீங்க. நான் என்ன, எழுதப் படிக்கத் தெரிஞ்சவளா, குழுவுல உக்கார?" கொஞ்ச தூரம் போனபின், "புதன்கிழம எங்களால வரமுடியாது, லாரி வந்துரும். மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

புதன்கிழமை இருபத்தாறு பேர் வந்தார்கள். தையற்காரர் கெர்ஷோம் என் பெயரை முன்மொழிந்தார். போட்டியில்லை. பத்து நிமிடத்தில் முடிந்தது. சனிக்கிழமை நடந்திருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும் என்பதை நான் அறியாமல் இல்லை. இரண்டுக்கும் நாலு நாள் வித்தியாசம். உடம்பு சரியில்லாத ஒரு மனிதருக்கு நாலு நாள் என்பது பெரிய விஷயமில்லை என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். இதுவரை அதை வைத்துத்தான் காலம் தள்ளினேன்.

பூங்கா நன்றாகத்தான் வந்திருக்கிறது. குழாய் வைத்தோம், மார்க்கெட் பக்கம் நிழலுக்குத் தகரக் கூரை போட்டோம். குழுவில் காலியான பெரியவர் இடத்துக்குக் கலாபாவின் அம்மாவை நானே எடுத்தேன். நன்றாகப் பேசுகிறாள். பெரிய மாமரத்தடியில் லாமெக் ஜேரே பெயரில் ஒரு கல் நடவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்ததும் நான்தான். ஒருமனதாக நிறைவேறியது. அந்தக் கல்லைத் திறந்துவைக்கத்தான் போன மாதம் எஸ்னாட்டை வரவழைத்தோம். வந்தவள் பெரியப்பாவின் தகரப் பெட்டியை எடுத்துப்போக அவர் வீட்டுக்குப் போனாள்.

இப்போது நீங்கள் மேசைமேல் எடுத்து வைக்கிற நோட்டு அந்தப் பெட்டியில் இருந்தது. அவருடைய கிளினிக் நோட்டு. கடைசிப் பக்கத்தில் தேதி இருக்கிறது, அந்த வாரத்துப் புதன்கிழமை. ரத்த அழுத்தம் சரி, எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது, மருந்து தேவையில்லை, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும். கீழே நர்ஸின் கையெழுத்து. எஸ்னாட் கெட்டிக்காரி. நோயாளி என்று எல்லோரும் சொன்னார்களே என்று யோசித்திருக்கிறாள். அப்புறம் குழிக்கரையில் நான் பேசியதை வரி வரியாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். நாலு மணிக்குத்தான் அவரைப் பார்த்ததாகச் சொன்ன ஆள், மத்தியானம் அவர் என்ன சாப்பிட்டார் என்று எப்படிச் சொன்னான் என்று உங்களிடம் கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி. முந்நூறு பேரில் அவளுக்குத்தான் தோன்றியது.

நீங்கள் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று, அவருக்கு எப்போதிலிருந்து உடம்பு சரியில்லை என்று. நான் வேறு எங்கெங்கோ சுற்றி இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன், மன்னிக்கவும்.

அவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, அம்மா. வெள்ளிக்கிழமை காலையில்தான் அவரை நினைத்தேன் என்று சொன்னதும் உண்மையில்லை. திங்கட்கிழமை போனை வைத்த கையோடு நினைத்தேன். பாவம் ஜேரே, ரொம்ப நாள் தாங்கமாட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் தெருக் குழாயடியில் நான்தான் முதலில் சொன்னேன். பிறகு கோயிலில் சொன்னேன், கெர்ஷோம் கடையில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது தெரிந்த விஷயம்போல ஆகிவிட்டது. குழாயடியில் இருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள், என்ன வியாதி என்றுகூட யாரும் கேட்கவில்லை. ஆகஸ்ட் காற்றுக்கு என் வீட்டுக் கூரையில் இரண்டு தகரம் பெயர்ந்திருந்தது. நான் அங்கே நின்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அந்தக் கூரைமேல் ஏறி உட்கார்ந்து எனக்காக ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சுத்தியல் சத்தம் குழாயடிவரை கேட்டது.